கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது? நிரல் எழுதிக் கண்டுபிடிப்போம்

கணினி கடைசியாக பூட் ஆன, அதாவது தொடங்கிய, நொடியிலிருந்து இந்த நொடி வரை எவ்வளவு நேரம் ஆகியிருக்கிறதோ அதற்குத்தான் அப்டைம் என்று பெயர். கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் கணினியோடு புழங்குகிற நமக்கு இது ரொம்பவே பயன்படும், ஏனென்றால் இங்கே கரண்ட் போவதும் வருவதும் எல்லோர் வீட்டுக் கதை. 2023-இல் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம், சில இடங்களில் நான்கு மணி நேரம்கூட, கரண்ட் இல்லாமல் இருந்தது. 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது. என்றாலும் கேபிள் திருட்டு, துணைமின்நிலையக் கோளாறு என்று ஏதாவது ஒரு காரணத்தால் ராத்திரியில் கரண்ட் போய், விடிவதற்குள் திரும்பி வந்துவிடுவது இன்னும் நடக்கத்தான் செய்கிறது.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா பதிவுகளைச் சேமிக்கிற கணினி பின்னறையில் இருக்கிறது, கரண்ட் வந்ததும் தானாகவே பூட் ஆகும்படி அமைத்திருக்கிறார்கள். காலையில் கடை திறக்கும்போது திரையில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரி நடுவில் அது அணைந்திருந்ததா, பதிவில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அப்டைம் மூன்று மணி நேரம் என்று காட்டினால் தெரிந்துவிடும். இதை ஒரு நிரல் நமக்காகத் தினமும் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது, அதைத்தான் இங்கே எழுதப் பழகப் போகிறோம். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

புதிதாக நிரல் எழுதுகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது ஒரே யோசனைதான். கணினி தொடங்கும்போது மணி என்ன என்று ஒரு கோப்பில் எழுதி வைப்போம், பிறகு இப்போது மணி என்ன என்று பார்த்து இரண்டையும் கழிப்போம், வருவது அப்டைம். தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினியின் மணி நம்பத்தக்க அளவுகோல் இல்லை, அதை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நாமே கையால் மாற்றலாம், இணையத்திலிருந்து சரியான நேரம் வந்து அதுவாகத் திருத்திக்கொள்ளலாம். உள்ளூர் நேரத்தை வைத்துக் கழித்தால் இன்னொரு வம்பும் சேரும். தென்னாப்பிரிக்காவில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது, வருடம் முழுக்க கிரீன்விச் நேரத்துக்கு இரண்டு மணி முன்னால்தான் இருக்கிறோம், அதனால் இங்கே எழுதிச் சோதிக்கிறபோது சரியாக வருகிற நிரல் லண்டனில் இருக்கிற உறவினரின் கணினியில் மார்ச்சிலும் அக்டோபரிலும் திடீரென்று ஒரு மணி நேரம் பிசகிக் காட்டும்.

ராஸ்பெரி பை என்கிற சின்னப் பலகைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பை 5-க்கு முன்னால் வந்த பலகைகளில் பேட்டரியில் ஓடுகிற கடிகாரமே கிடையாது. கரண்ட் போனால் மணியும் போச்சு. திரும்ப பூட் ஆகும்போது, கடைசியாக எந்த நேரத்தைச் சேமித்து வைத்ததோ அங்கிருந்தே தொடரும், அப்புறம் இணையம் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்துக்குத் தாவும். இரவு 8 மணிக்குக் கரண்ட் போய் 10 மணிக்கு வந்தது என்றால், பை இன்னமும் 8 மணி என்றே நினைத்துக்கொண்டு ஓடத் தொடங்கும். நம் நிரலும் 8 மணிக்குத் தொடங்கியதாக எழுதி வைத்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து ரவுட்டர் உயிர்பெற்று இணையம் வந்ததும் மணி 10.05 ஆகிவிடும், கழித்துப் பார்த்தால் இரண்டு மணி ஐந்து நிமிடமாக ஓடுகிறது என்று வரும். ஓடியது ஐந்தே நிமிடம். கரண்ட் இல்லாமல் இருந்த நேரத்தையே ஓடிய நேரமாகக் காட்டுகிற நிரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் மணி பார்ப்பதை விட்டுவிட்டு வேறு இடத்தில் கேட்க வேண்டும். ஒவ்வொரு இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் பூட் ஆன கணத்திலிருந்து தனியாக ஓர் எண்ணிக்கையை நடத்திக்கொண்டே இருக்கிறது. அதற்குத் தேதி தெரியாது, நாடு தெரியாது, பின்னோக்கிப் போகவும் தெரியாது. முன்னோக்கி மட்டும்தான் போகும். நாம் என்னதான் மணியை மாற்றினாலும் இந்த எண்ணிக்கை அசையாது. அப்டைம் கண்டுபிடிப்பது என்றால் இந்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்குவதுதான். லினக்ஸ், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் இந்த வேலையே, கேட்கிற விதம் மட்டும் வேறு.

லினக்ஸில்தான் இது மிகச் சுலபம், முதலில் அங்கே பழகுவது நல்லது என்பது என் கருத்து. வேர் அடைவுக்குக் கீழே ப்ராக் என்று ஓர் அடைவு இருக்கும், அதற்குள் அப்டைம் என்று ஒரு கோப்பு. கோப்பு என்று சொன்னாலும் அது டிஸ்க்கில் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை, நாம் திறந்து படிக்கிற கணத்தில் கெர்னல் அதை உருவாக்கிக் கொடுக்கிறது. திறந்து பார்த்தால் ஒரே வரிதான் இருக்கும், அதில் இரண்டு எண்கள். உதாரணமாக:

93784.21 351207.66

முதல் எண் பூட் ஆகி எத்தனை நொடி ஆயிற்று என்பது. நமக்கு வேண்டியது இதுதான். இரண்டாவதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள், அது எப்படி ஓடிய நேரத்தைவிடப் பெரிதாக இருக்க முடியும் என்று. அது பிராசஸர் வேலையில்லாமல் சும்மா இருந்த நேரம். நான்கு கோர் இருந்தால் நான்கும் தனித்தனியாகச் சும்மா இருந்த நேரத்தைக் கூட்டிப் போட்டிருப்பார்கள், அதனால்தான் பெரிதாக இருக்கிறது. மேலே இருக்கிற எண்ணை நான்கு கோர் கணினி என்று எடுத்துக்கொண்டால், நூற்றில் தொண்ணூறுக்கும் மேலான நேரம் அது சும்மாதான் இருந்திருக்கிறது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளின் நிலைமை அதுதான்.

பைத்தானில் செய்ய வேண்டியது என்ன? அந்தக் கோப்பை ஓப்பன் கொண்டு திறங்கள், வரியைப் படியுங்கள், ஸ்ப்ளிட் போட்டு இடைவெளியில் உடையுங்கள், முதல் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஓர் இடத்தில் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். அந்தத் துண்டு இன்னும் எழுத்துச் சரமாகத்தான் இருக்கிறது, அதில் புள்ளியும் இருக்கிறது, அதனால் நேரடியாக இன்ட் போட்டால் பைத்தான் பிழை காட்டிவிடும். முதலில் ஃப்ளோட் ஆக்கி, பிறகு இன்ட் ஆக்க வேண்டும். 93784 கிடைத்துவிட்டது. இதை மனிதர் படிக்கிற மாதிரி மாற்ற வேண்டும் இல்லையா? ஒரு நாளுக்கு 86400 நொடி. 93784-ஐ 86400-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 7384. அந்த மீதியை 3600-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 184. அதை 60-ஆல் வகுத்தால் 3, மீதி 4. ஆக 1 நாள், 2 மணி, 3 நிமிடம், 4 நொடி. ஈவையும் மீதியையும் ஒரே வீச்சில் தருகிற டிவ்மாட் என்கிற செயல்கூறு பைத்தானில் இருக்கிறது, மூன்று தடவை அதை அழைத்தால் வேலை முடிந்தது. சி மொழியில் எழுதுகிறவர்கள் கோப்பைத் திறக்கவே வேண்டாம், சிஸ்இன்ஃபோ என்ற அழைப்பு ஒரு கட்டமைப்பை நிரப்பிக் கொடுக்கும், அதில் அப்டைம் என்ற புலத்தில் முழு நொடிகள் இருக்கும்.

டெர்மினலில் அப்டைம் என்று தட்டினாலே பதில் வருகிறதே, அந்தக் கட்டளையை நிரலுக்குள்ளிருந்து ஓட்டி விடையைப் பிய்த்து எடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எடுக்கலாம்தான், ஆனால் வேண்டாம். அந்தக் கட்டளையின் விடை மனிதர் கண்ணுக்காக எழுதப்படுவது. ஐந்து நிமிடம் ஆகியிருந்தால் ஒரு மாதிரி காட்டும், ஐந்து மணி ஆகியிருந்தால் வேறு மாதிரி, இரண்டு நாள் ஆகிவிட்டால் நாள் என்ற சொல்லும் காற்புள்ளியும் புதிதாக வந்து சேரும். நீங்கள் எழுதிய நிரல் முதல் நாள் நன்றாக ஓடிவிட்டு மறுநாள் விழுந்துவிடும். எண்ணாகவே தருகிற இடம் பக்கத்திலேயே இருக்கும்போது எழுத்தை எடுத்து ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

சரி, விண்டோஸுக்கு வருவோம். அங்கே கெட்டிக்கவுன்ட் என்று ஒரு பழைய செயல்கூறு உண்டு. பூட் ஆகி எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று சொல்லும். அதைப் பயன்படுத்தவே பயன்படுத்தாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். அது சொல்கிற எண் 32 பிட் அகலம் கொண்டது, அதில் அடங்குகிற மிகப் பெரிய எண் 4294967295. பழைய காரில் ஓடிய கிலோமீட்டர் காட்டுகிற மீட்டர் 99999-ஐத் தொட்டதும் மறுபடி 00000-க்கு வந்துவிடுவதைப் போல, இதுவும் அந்த எல்லையைத் தொட்டதும் பூஜ்யத்துக்குப் போய்விடும். மில்லிநொடிக் கணக்கில் அந்த எல்லை 49 நாள், 17 மணி, 2 நிமிடம், 47 நொடியில் வந்துவிடுகிறது. ஐம்பதாவது நாள் உங்கள் நிரல், கணினி இப்போதுதான் தொடங்கியது என்று அடித்துச் சொல்லும். விண்டோஸ் 95-உம் 98-உம் இதே எண்ணிக்கைச் சிக்கலால் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்தே போய்விடும் என்பது அந்தக் காலத்தில் பதிவான குறை.

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து கெட்டிக்கவுன்ட்64 வந்துவிட்டது, 64 பிட். அதன் எல்லையைத் தொட ஐம்பத்தெட்டு கோடி வருடத்துக்கு மேல் ஆகும், கவலை இல்லை. பைத்தானிலிருந்து, சி செயல்கூறுகளை அழைக்க உதவுகிற சிடைப்ஸ் என்ற தொகுதி வழியாக இதை அழைக்கலாம், ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, இணையத்தில் கிடைக்கிற நிறைய மாதிரி நிரல்கள் இதைக் கவனிப்பதில்லை. எந்த வகை எண் திரும்பி வரும் என்று நாம் சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதைக் குறி உள்ள, அதாவது எதிர்ம எண்ணும் அடங்குகிற, 32 பிட் எண் என்றே எடுத்துக்கொள்ளும். அப்படி விட்டால் 24.8 நாள் தாண்டியதும் அப்டைம் எதிர்ம எண்ணாக வரத் தொடங்கும். சோதிக்கிற அன்று தெரியாது, அடுத்த வாரமும் தெரியாது, எல்லாம் சரி என்று மறந்த பிறகுதான் வெடிக்கும். அதனால் ரெஸ்டைப் என்கிற பண்பில் 64 பிட் குறியற்ற எண் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். நிரலே வேண்டாம், பார்த்தால் போதும் என்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தொட்டால் அப் டைம் என்று கீழே எழுதியிருக்கும்.

எண்ணிக்கை நிரம்பி வழிகிற இந்த விஷயத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறேன், காரணம் இருக்கிறது. 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. விமானத்தின் மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்துகிற கருவிகள் 248 நாள் இடைவிடாமல் மின்சாரத்தில் இருந்தால், உள்ளே இருக்கிற எண்ணிக்கை நிரம்பி, எல்லாம் ஒரே நேரத்தில் செயலிழந்து விமானம் முழுவதும் மின்சாரம் இழக்கலாம் என்பது அதன் சாரம். அதற்குள் ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும் என்றார்கள். ஒரு நொடியை நூறாகப் பிரித்து, குறி உள்ள 32 பிட்டில் எண்ணினால் எத்தனை நாளில் நிரம்பும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், 248 நாளும் சொச்சமும் வரும். லினக்ஸ் கெர்னலை எழுதியவர்கள் இதே ஆபத்தை அழகாகக் கையாண்டிருக்கிறார்கள். ஜிஃபீஸ் என்ற உள் எண்ணிக்கையை அவர்கள் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, 32 பிட்டில் பார்த்தால் பூட் ஆன ஐந்தாவது நிமிடத்தில் நிரம்பி வழிகிற மாதிரி வேண்டுமென்றே ஓர் எண்ணில் தொடங்குகிறார்கள். பிழை இருந்தால் மாதக்கணக்கில் ஒளிந்திருக்காமல் ஐந்து நிமிடத்தில் பல்லைக் காட்டிவிடும். எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் இது ஒன்று.

அடுத்தது தூக்கம். லேப்டாப்பின் மூடியை மூடிவைத்த நேரத்தையும் அப்டைமில் சேர்க்க வேண்டுமா? இதற்கு ஒரே விடை கிடையாது, உங்களுக்கு எது வேண்டும் என்பதைப் பொறுத்தது. பூட் ஆகி எவ்வளவு நேரம் என்பது ஒரு கேள்வி, விழித்திருந்தது எவ்வளவு நேரம் என்பது இன்னொன்று. லினக்ஸில் ப்ராக் கோப்பு தூங்கிய நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்லும். நிரலில் கெர்னலின் கடிகாரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், பூட்டைம் என்று முடிகிற கடிகாரம் தூக்கத்தைச் சேர்க்கும், மோனோடோனிக் என்று முடிகிறது சேர்க்காது. விண்டோஸின் கெட்டிக்கவுன்ட்64 தூக்கத்தைச் சேர்க்கிறது. ஆண்ட்ராய்டில் எலாப்ஸ்டு ரியல்டைம் சேர்க்கும், அப்டைம்மில்லிஸ் சேர்க்காது. இதில் தவறான ஒன்றை எடுத்துவிட்டால் எண் பார்ப்பதற்கு நியாயமாகவே தெரியும், அதுதான் தொல்லை.

விண்டோஸில் இதைவிடக் குழப்புகிற ஒன்று இருக்கிறது. கோயில் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற அக்கா ஒருவர், கணினி மெதுவாகிவிட்டது என்று கூப்பிட்டார். பார்த்தால் அப்டைம் பல நாட்களைக் காட்டுகிறது. அணைக்கவே இல்லையா அக்கா என்று கேட்டேன். “தினமும் சாயங்காலம் ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் தம்பி வீட்டுக்குப் போறேன்” என்றார். அவர் சொன்னது முழு உண்மை, கணினி காட்டியதும் முழு உண்மை. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது நம் செயலிகள் மூடப்படும், ஆனால் கெர்னல் தன் நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு உறங்கும். காலையில் பொத்தானை அழுத்தினால் புதிதாக பூட் ஆகாமல் அந்த நிலையிலிருந்தே தொடரும், எண்ணிக்கையும் பூஜ்யத்துக்குப் போகாமல் தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் அப்படித்தான். ஆகவே விண்டோஸ் கணினியில் அப்டைம் நீளமாக இருக்கிறது என்பதால் அது அணைக்கப்படவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த அக்காவுக்கு நான் சொன்னது, வெள்ளிக்கிழமைகளில் ஷட் டவுனுக்குப் பதிலாக ரீஸ்டார்ட் கொடுங்கள் என்று.

மேக்கில் சிஸ்சிடிஎல் என்ற கட்டளை வழியாக கெர்ன் பூட்டைம் என்று கேட்டால் பூட் ஆன நேரம் கிடைக்கும், இப்போதைய நேரத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். எல்லா இயங்குதளத்துக்கும் ஒரே நிரல் வேண்டும் என்றால் பைத்தானில் பிஎஸ்யுடில் என்ற நூலகத்தை நிறுவி பூட் டைம் என்று கேளுங்கள், அதுவும் இதே மாதிரி பூட் ஆன நேரத்தைத்தான் தரும். நிரல்களைத் தனியாகப் பிரித்து ஓட்டுகிற டாக்கர் கன்டெய்னருக்குள் இருந்து ப்ராக் கோப்பைப் படித்தால் வருவது கன்டெய்னர் தொடங்கிய நேரத்தைச் சொல்லாது, அதைத் தாங்குகிற கணினியின் அப்டைமையே சொல்லும், இதையும் மனதில் வையுங்கள்.

இனி கரண்ட் கணக்குக்கு வருவோம். நிமிடத்துக்கு ஒரு தடவை அப்டைமையும் அப்போதைய மணியையும் ஒரு கோப்பின் கடைசியில் சேர்த்து எழுதுகிற நிரல் ஒன்றை ஓட விடுங்கள். புதிய அப்டைம் முந்தைய வரியில் இருப்பதைவிடச் சிறியதாக இருந்தால் நடுவில் கணினி அணைந்து எழுந்திருக்கிறது என்று பொருள். இப்போதைய மணியிலிருந்து அப்டைமைக் கழித்தால் எப்போது எழுந்தது என்று கிடைக்கும், முந்தைய வரியின் மணி எப்போது விழுந்தது என்பதைக் கிட்டத்தட்டச் சொல்லும், இரண்டுக்கும் நடுவில் இருப்பது அணைந்திருந்த நேரம். ராஸ்பெரி பையில் செய்கிறவர்கள் இணைய நேரம் வந்துசேர்ந்த பிறகே இந்தக் கழித்தலைச் செய்ய வேண்டும், காரணம் மேலே பார்த்ததுதான். பூட் ஆன நேரத்தைச் சேமித்துவைத்து, அடுத்த தடவை அதே நேரம்தானா என்று ஒப்பிட்டு ரீஸ்டார்ட்டைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும், ஆனால் மணி திருத்தப்படும்போது அந்த எண் ஒன்றிரண்டு நொடி நகரும், சமமா என்று பார்த்தால் தப்பாகச் சொல்லிவிடும். லினக்ஸில் இதற்கென்றே பூட் ஐடி என்று ஒன்று, ப்ராக் அடைவுக்குள் சிஸ், கெர்னல், ரேண்டம் என்று உள்ளே உள்ளே போனால் இருக்கிறது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு புதிய குறியீடு. அது மாறியிருந்தால் கணினி புதிதாக எழுந்திருக்கிறது, வேறு விவாதமே வேண்டாம்.

இன்வர்ட்டரோ யுபிஎஸ்ஸோ போட்டிருந்தால் கணினி அணைவதே இல்லை, அதனால் வெளியில் கரண்ட் போனது அப்டைமில் தெரியாது, அதற்கு யுபிஎஸ்ஸோடுதான் நிரல் பேச வேண்டும். அப்டைம் பூஜ்யத்துக்குப் போனதெல்லாம் கரண்ட் போனதால்தான் என்றும் சொல்ல முடியாது, விண்டோஸ் புதுப்பித்தலும் ராத்திரியில் ரீஸ்டார்ட் செய்யும். இரண்டையும் பிரித்தறிய, விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டுகிற ஈவென்ட் வியூவரைத் திறந்து 41, 6008 ஆகிய எண்களைத் தேடுங்கள், முறையாக மூடாமல் அணைந்திருந்தால் அவை பதிவாகியிருக்கும்.

கோப்பில் எழுதுவதைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. பைத்தானில் ரைட் என்று சொன்ன உடனே எழுத்து டிஸ்க்குக்குப் போய்விடாது, கொஞ்ச நேரம் நினைவகத்திலேயே தங்கும், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் உங்களுக்கு மிகவும் தேவையான அந்தக் கடைசி வரி காணாமல் போகும். ஒவ்வொரு தடவையும் எழுதிய பிறகு ஃப்ளஷ் கொடுங்கள், அதற்கு அடுத்த வரியில் ஓஎஸ் தொகுதியின் எஃப்சிங்க் கொடுங்கள், இரண்டும் வேண்டும். எஸ்டி கார்டில் ஓடுகிற பை என்றால் நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படி எழுதுவது கார்டைத் தேய்க்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.